கட்டியதைக் கலையாமல் கொண்டு செல்லுதல்

பணியின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு வீடு மாற்றுதல் புதிய செய்தியன்று. மாற்றல் உத்தரவு ஒன்று வந்துவிட்டால் போதும். பள்ளி மாறும், பால்காரர் மாறுவார், வீட்டு முகவரியும் மாறும். பித்தளைப் பாத்திரங்களையும் புத்தகங்களையும் கட்டில் அலமாரிகளையும் எவ்வாறு கட்டுவது என்பது நம் குடும்பங்களுக்குப் பழக்கத்தால் கைவந்த கலை. ஆனால் அண்மைக் காலத்தில் நம் வீடுகளில் புதியதொரு பொருள் இடம் பிடித்திருக்கிறது. கட்டிலைவிட எடை குறைந்தது. கண்ணாடியைவிட எளிதில் குலைவது. பொருத்துகட்டைகளைக் கொண்டு நம் பிள்ளைகள் கட்டி எழுப்பும் மாளிகைகளையும் கோபுரங்களையும் பாலங்களையுமே குறிப்பிடுகிறோம்.

பிள்ளைகள் இக்கட்டைகளை லெகோ என்று அழைப்பர். அது டென்மார்க் நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயர். மேற்புறம் குமிழ்களும் உட்புறம் குழல்களும் கொண்ட இன்றைய கட்டையின் அமைப்புக்கு அந்நிறுவனம் 1958ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் காப்புரிமை கோரியது. ஒரு கட்டையின் குமிழ் மற்றொன்றின் உட்புறத்தில் இறுகப் பதிகிறது. இடையில் சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை, பசையும் இல்லை. உராய்வு ஒன்றே அவற்றைப் பிணைத்து நிறுத்துகிறது. ஆகவேதான் கட்டிய குழந்தையே அதைக் கலைத்து வேறொன்றாகக் கட்ட முடிகிறது. அதே காரணத்தால், கலைக்கக் கூடாத நேரத்திலும் அது கலைந்துவிடுகிறது.

இதனை நாம் நூல்களில் படித்து அறிந்தோமில்லை, பட்டறிந்தே உணர்ந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து மைசூருக்குப் பணி மாற்றம் பெற்று வந்தபோது, நம் மகள் ஒரு கோடை விடுமுறை முழுவதும் அமர்ந்து கட்டிய சென்னை உயர்நீதிமன்றத்தின் மாதிரி நம்முடன் வந்தது. 1892இல் முடிந்த அந்தச் செந்நிறக் கட்டடத்தின் உயர்ந்த கோபுரத்தைச் சிவப்புக் கட்டைகளால் இரண்டடி உயரத்துக்கு எழுப்பியிருந்தாள். சாமான் ஏற்ற வந்தவர்கள் அதனை ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் செய்தித்தாளைத் திணித்து, ஒட்டுநாடாவால் மூடினார்கள். நாமும் அது போதும் என்று எண்ணினோம். மைசூரில் பெட்டியைத் திறந்தபோது அங்கே கட்டடம் இல்லை. ஒரு குவியல் இருந்தது.

அவள் அழவில்லை. பெட்டியை மூடி மாடிப்படியின் கீழே தள்ளி வைத்தாள். ஓராண்டு அது அங்கேயே கிடந்தது. மீண்டும் கட்டலாமே என்று நாம் ஒருமுறை கூறியபோது, "எதைப் பார்த்துக் கட்டுவது?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. அவள் கட்டிய கட்டடத்தின் முழு உருவைக் காட்டும் நிழற்படம் ஒன்றேனும் நாம் எடுத்து வைத்திருக்கவில்லை. பிறந்தநாள் படம் ஒன்றில் அவள் தோளுக்குப் பின்னால் கோபுரத்தின் நுனி மட்டும் தெரிந்தது.

அந்தக் கட்டடம் ஏன் சரிந்தது என்பதை முதலில் ஆராய்வோம். பொருத்துகட்டைகள் மேலிருந்து அழுத்தும் சுமையை நன்கு தாங்கும். நேராக மேலே இழுத்தாலும் ஓரளவு எதிர்த்து நிற்கும். பக்கவாட்டில் வளைக்கும் விசைக்கே அவை இடங்கொடுத்துவிடுகின்றன. நெடிய கோபுரம் ஒன்றின் உச்சியை விரலால் தள்ளினால், கோபுரம் முழுவதும் நெம்புகோல் போலச் செயல்பட்டு அடிவரிசையின் இணைப்பைத் திறக்கிறது. உயரம் கூடக்கூட, உச்சியில் பட்ட சிறு விசை அடியில் பெரு விசையாகிறது. லாரி திடீரென நிற்கும்போதும் திரும்பும்போதும் நிகழ்வது இதுவே. ஈரோட்டிலிருந்தோ கோவையிலிருந்தோ சத்தியமங்கலம் வழியாக மைசூர் வருவோர் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை அறிவர். வளைவுதோறும் பயணிகள் ஒரு பக்கம் சாய்கின்றனர். பெட்டிக்குள் இருக்கும் கோபுரமும் அவ்வாறே சாய்கிறது. பயணிக்குப் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, கோபுரத்துக்கு இல்லை.

இரண்டாவது காரணம் அடித்தட்டு. இத்தகைய மாதிரிகள் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டின்மேல் கட்டப்படுகின்றன. இருவர் இரு முனையைப் பிடித்துத் தூக்கும்போது தட்டு நடுவில் தொய்கிறது. தட்டு தொய்ந்தால் அதன்மேல் உள்ள சுவரின் கீழ்வரிசை விரிகிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் இணைப்புகள் அப்பொழுதே தளர்ந்துவிடுகின்றன. வழியில் ஏற்படும் முதல் குலுக்கல் எஞ்சிய வேலையை முடித்துவிடுகிறது. மூன்றாவது காரணம் பெட்டிக்குள் இருந்த வெற்றிடம். திணித்த செய்தித்தாள் சில மணி நேரத்தில் அமுங்கி, கட்டடம் அசைய இடம் கொடுத்துவிட்டது.

இக்காரணங்களை நாம் அன்றே அறிந்திருந்தோம் எனச் சொல்வதற்கில்லை. நமக்கு வழி காட்டியது ஒரு கோயில்.

மைசூரை அடுத்துள்ள கிருஷ்ணராஜசாகர் அணையைக் காணாத தமிழர் இங்கு அரியர். 1911இல் தொடங்கப் பெற்ற அவ்வணையின் நீர் தேங்கியபோது, பழைய கண்ணம்பாடி என்னும் ஊர் மூழ்கியது. அங்கே ஹொய்சளர் காலத்தைச் சேர்ந்த வேணுகோபால சுவாமி கோயிலும் நீருக்குள் மறைந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் நீர்மட்டம் குறையும்போது மட்டும் அதன் தூண்களும் மதில்களும் வெளியே தலை காட்டின. பல பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்த பின்னர், கோடே அறக்கட்டளை அக்கோயிலை வெளிக்கொணரும் பணியை மேற்கொண்டது. பல்லாயிரம் நிழற்படங்கள் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு கல்லுக்கும் அடையாளம் இடப்பட்டது. பின்னர்க் கற்கள் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்பட்டு, பழைய இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேட்டில் முன்போலவே அடுக்கப்பட்டன. 2011ஆம் ஆண்டளவில் கட்டுமானப் பணி நிறைவெய்தியது. இன்று புதிய கண்ணம்பாடியில், நீர்த்தேக்கத்தின் கரையில், அக்கோயில் நிற்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துடன் அங்குச் சென்றிருந்தோம். நீண்ட திருச்சுற்றில் நடந்தவாறே, இக்கற்கள் அனைத்தும் ஒருகாலத்தில் தனித்தனியாகக் கிடந்து எண்ணிடப்பட்டு மீண்டும் சேர்ந்தவை என்று மகளிடம் கூறினோம். அவள் ஒரு தூணைக் கைவைத்துத் தடவிப் பார்த்தாள். "இது எந்தத் தூணுக்குப் பக்கத்தில் இருந்தது என்று எழுதி வைத்திருந்தார்களா?" என்றாள். ஆம் என்றோம். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. அன்று மாலை மாடிப்படியின் கீழிருந்த பெட்டி வெளியே வந்தது.

இதே காவிரியில் சற்றுக் கீழே நமது மேட்டூர் அணை உள்ளது. 1934இல் நிறைவுற்ற அவ்வணையின் நீரிலும் ஊர்கள் மூழ்கின. நீர் வற்றும் காலத்தில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் ஆலயத்து நந்தியும் பழைய கிறித்தவ தேவாலயத்தின் கோபுரங்களும் வெளிப்படுவதைச் சேலம் மாவட்டத்தார் இன்றும் சென்று காண்கின்றனர். நீர் ஏறியதும் அவை மீண்டும் மறைந்துவிடுகின்றன. ஒரே ஆற்றின் இரு அணைகளில் மூழ்கிய ஆலயங்களுள் ஒன்று இடம் பெயர்ந்து கரையேறியது. மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

உலகில் இதனினும் பெரிய முயற்சிகளும் நடந்துள்ளன. ஆந்திரத்தின் நாகார்ஜுனகொண்டாவில், அணைநீர் சூழுமுன் அகழ்ந்தெடுக்கப்பட்ட பௌத்தச் சின்னங்கள் பல மேட்டு நிலத்துக்கு மாற்றி அமைக்கப்பட்டன. எகிப்து நாட்டில் அஸ்வான் அணையின் பொருட்டு, அபு சிம்பெல் கோயில்கள் 1964 முதல் 1968 வரை பெரும் பாளங்களாக அறுக்கப்பட்டு, 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. அப்பாளங்களுள் சில 30 டன் வரை எடையுள்ளவை. மலையைக் குடைந்து செய்த கோயிலுக்குக் கல் இணைப்புகள் இல்லை; எனவே எங்கே அறுப்பது என்று பொறியியலாளர்கள் முன்னரே தீர்மானித்துக்கொண்டனர்.

இவை அனைத்திலும் பொதுவாகக் காணப்படும் நெறி ஒன்றே. துண்டுகளால் ஆன பொருளை வலிமையால் காக்க இயலாது, பதிவினால் காக்கலாம். எங்கே பிரிப்பது, எந்த வரிசையில் பிரிப்பது, எப்பகுதி எதன்மேல் அமர்வது ஆகிய மூன்றையும் பிரிப்பதற்கு முன்பே எழுதிவிட்டால், வழியில் ஏதேனும் சிதைந்தாலும் அது இழப்பாகாது, வேலையாகும். எழுதாவிட்டால் அது இழப்பே. இனி, இந்நெறியை வீட்டில் எவ்வாறு கையாள்வது என்று காண்போம்.

முதற்பணி படம் எடுத்தல். இன்று எல்லார் கையிலும் கைப்பேசி இருப்பதால் இது மிக எளிது. மாதிரியை நான்கு பக்கமும், நான்கு மூலைகளிலிருந்தும், நேர் மேலிருந்தும் எடுக்க வேண்டும். கூரையைக் கழற்றியபின் மீண்டும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தளத்தையும் எடுத்தபின் மீண்டும் எடுக்க வேண்டும். படத்தின் அருகில் ஓர் அடிக்கோலை வைத்தால் அளவும் பதிவாகும். இப்படங்களைக் கைப்பேசியில் மட்டும் வைத்திராமல் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைப்பது நலம்.

இரண்டாவது, பிரிக்கும் இடத்தைத் தேர்தல். கொத்தனார் சுவர் எழுப்பும்போது கீழ்வரிசையில் இரு செங்கற்கள் சேரும் இடத்தின்மேல் மேல்வரிசைச் செங்கல்லின் நடுப்பகுதி அமருமாறு வைப்பார். அப்போதுதான் சுவர் பிளவாது. பொருத்துகட்டைகளிலும் பிள்ளைகள் அவ்வாறே கட்டுகின்றனர். எனவே சுவரைச் செங்குத்தாகப் பிளக்க முயன்றால் அது நொறுங்கும். கிடைமட்டமாக, தளம் தளமாகத் தூக்குவதே முறை. தளங்களுக்கு இடையே பெரும்பாலும் வழவழப்பான தட்டைகளை வைத்து, மூலைகளில் மட்டும் சில குமிழ்களை விட்டுவைத்தால், மேல்தளம் மூடி போல எளிதில் எடுபடும். கட்டும்பொழுதே இதனை எண்ணிக் கட்டுவது நன்று. மாற்றலுக்கு உரிய பணியில் இருப்போர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்பாடத்தை முதலிலேயே சொல்லிவைக்கலாம்.

கொடிக்கம்பம், உப்பரிகை, விளக்கு, சிறு மனித உருவங்கள் போன்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பவற்றை முதலில் தனியே எடுத்துவிட வேண்டும். இரண்டு சாண் உயரத்துக்கு மேற்பட்ட கோபுரங்களையும் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் எண் இட்டு, சிறிய உறையில் வைத்து, அவ்வெண்ணைக் குறிப்பேட்டில் எழுதுக. எண் எழுதிய சீட்டைக் கட்டையில் ஒட்டுவதற்குச் சுவருக்கு வண்ணம் பூசுவோர் பயன்படுத்தும் காகித ஒட்டுநாடாவே ஏற்றது. மற்ற நாடாக்கள் பசையை விட்டுச் செல்லும். பசை கொண்டு கட்டைகளையே ஒட்டிவிடலாமே என்று சிலர் கூறுவர். ஒட்டிய கட்டை மீண்டும் கட்டையாகாது. குழந்தையின் விளையாட்டும் அத்துடன் முடிந்துவிடும்.

மூன்றாவது, உள்ளும் புறமும் தாங்கு கொடுத்தல். இதில் நம் பாட்டிமாரே ஆசிரியர்கள். பண்ணுருட்டியிலும் விளாச்சேரியிலும் செய்த மண் பொம்மைகளைப் பழைய பருத்தி வேட்டித் துண்டுகளில் சுற்றி, பெரியவற்றை அடியிலும் சிறியவற்றை மேலுமாக டிரங்குப் பெட்டியில் அடுக்கி, இடைவெளிகளில் வைக்கோலைச் செருகி, ஆண்டுக்காண்டு பரணில் காத்தவர்கள் அவர்கள். தசரா நாட்களில் மைசூர் வீடுகளிலும் பொம்மைக் கொலு வைக்கும் வழக்கம் உண்டாதலால், இங்குள்ள மூதாட்டியரும் இக்கலையை நன்கறிவர். அம்முறையை இங்கும் கைக்கொள்ளலாம். கட்டடத்தின் உள்ளறைகளில் மென்மையான துணியை இறுக்கமின்றி நிரப்புக. பின்னர் ஒவ்வொரு தளத்தையும், சமையலறையில் உணவை மூடப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுக. இவ்வுறை இரண்டு வகையில் உதவும்: கட்டைகளைப் பிரியாமல் அணைத்துப் பிடிக்கும், பிரிந்தாலும் அவை தம் இடத்தருகிலேயே தங்கிவிடும்.

நான்காவது, அடித்தட்டு. தட்டின் அளவினும் ஓரங்குலம் பெரிதான ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கி, மாதிரியைத் தூக்காமல் மெல்ல நகர்த்தி அதன்மேல் ஏற்றுக. பலகையோடு சேர்த்து அகன்ற துணிநாடாவால் கட்டுக. அதன்பின் எத்தனை பேர் தூக்கினாலும் பலகையைப் பற்றியே தூக்க வேண்டும். சுவரைப் பற்றித் தூக்குவது, குடத்தை விளிம்பால் தூக்குவது போன்றது.

ஐந்தாவது, பெட்டி. ஒரு பகுதிக்கு ஒரு பெட்டி என்பது விதி. சுற்றிலும் மூன்று விரற்கடை இடைவெளி இருந்தால் போதும். அதனைத் தெர்மோகோல் துண்டுகளாலோ பழைய போர்வையாலோ நிரப்புக. மூடியபின் பெட்டியை மெல்ல ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஒலி கேட்கக்கூடாது. எந்தப் பக்கம் மேல் என்பதை நான்கு புறமும் அம்புக்குறியால் காட்டுக. பெட்டியில் தமிழில் மட்டும் எழுதினால் போதாது என்பதையும் நினைவிற் கொள்க. தூக்குபவர் கன்னடமோ இந்தியோ மட்டும் அறிந்தவராக இருக்கலாம். மூன்று மொழிகளிலும் எழுதி, ஒரு கண்ணாடிக் குவளைப் படத்தையும் வரைந்துவிட்டால் எழுதப் படிக்க அறியாதவர்க்கும் பொருள் விளங்கும்.

ஆறாவது, வண்டி. லாரியின் பின்புற முனையே மிகுதியாகக் குலுங்கும். ஆதலால் இப்பெட்டிகளை முன்பக்கத்தில், ஓட்டுநர் அறையை ஒட்டி, தரைமட்டத்தில் வைத்தல் வேண்டும். அவற்றின்மேல் வேறு எதுவும் ஏற்றலாகாது. காரில் கொண்டு செல்வதாயின், முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் இடையே உள்ள தரையே பாதுகாப்பானது. அடைத்த காரை வெயிலில் நிறுத்திவிட்டு உணவருந்தச் செல்வது தகாது. இக்கட்டைகள் ஏபிஎஸ் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை. கடும் வெப்பத்தில் சுமை தாங்கும்போது உருமாறக்கூடும். புது வீட்டிலும் சன்னலை ஒட்டி வைத்தால், நாள்பட்ட வெயிலில் வெண்ணிறக் கட்டைகள் மஞ்சளாகிவிடும்.

புது வீட்டை அடைந்ததும் பிள்ளைகள் அவசரப்படுவர். அன்றைக்கே பெட்டியைத் திறவாமல், மேசையை அமைத்து, அது ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து, மறுநாள் திறப்பதே நன்று. பிரித்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு உறையிலும் உதிர்ந்த கட்டைகள் இருப்பின், அவற்றை ஒன்றாகக் கலக்காமல் அவ்வப் பகுதியின் தட்டிலேயே வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்துப் பொருத்துக.

சிலவற்றை முழுவதும் கலைத்து எடுத்துச் செல்வதே அறிவுடைமை என்பதையும் சொல்லியாக வேண்டும். அச்சிட்ட செய்முறை நூலைக் கொண்டு கட்டியதாயின், பதிவு அந்நூலிலேயே உள்ளது. கட்டைகளைத் தளவாரியாகப் பைகளில் இட்டு நூலுடன் அனுப்பிவிடலாம். குழந்தை தன் மனத்திலிருந்து கட்டியதாயின், அதற்கு வேறெங்கும் நூல் இல்லை. அங்கேதான் மேற்சொன்ன உழைப்பு முழுவதும் தேவைப்படுகிறது.

கண்ணம்பாடியிலிருந்து திரும்பிய மகள் உயர்நீதிமன்றத்தை மீண்டும் கட்டவில்லை. அது அவள் நினைவில் முழுமையாக இல்லை. மாறாக, மைசூர் அரண்மனையைக் கட்டத் தொடங்கினாள். பழைய அரண்மனை 1897இல் தீக்கிரையானபின் எழுப்பப்பட்டு 1912இல் முடிந்த இவ்வரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வினே, சென்னை உயர்நீதிமன்றக் கட்டடப் பணியிலும் பங்கு கொண்டவர். இதனை அவளிடம் நாம் கூறியபோது, "அப்படியானால் கோபுரத்துக்கு அந்தப் பழைய கட்டைகளையே போடலாம்" என்றாள். அவ்வாறே செய்தாள். ஒவ்வொரு வாரமும் படம் எடுத்தாள். ஒரு கோடிட்ட குறிப்பேட்டில் தளம் தளமாக எழுதி வைத்தாள்.

சென்ற ஆண்டு மைசூருக்குள்ளேயே சரஸ்வதிபுரத்திலிருந்து வேறொரு பகுதிக்கு வீடு மாற்ற நேர்ந்தது. மூன்றடி அகலமுள்ள அரண்மனை ஒன்பது பெட்டிகளில் பயணம் செய்தது. குறிப்பேட்டை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை, மடியிலேயே வைத்திருந்தாள். மறுநாள் மாலைக்குள் அரண்மனை எழுந்து நின்றது. இரண்டாம் தளத்தில் ஒரு வளைவு மட்டும் சரிந்திருந்தது. அதனை ஏழாம் பக்கத்தைப் பார்த்துச் சரி செய்தாள்.

மாற்றல் உத்தரவு மீண்டும் வரும். எவ்வூருக்கு என்பது நம் கையில் இல்லை. ஆயினும் உத்தரவு வரும்வரை காத்திராமல், இவ்வார விடுமுறையிலேயே உங்கள் பிள்ளை கட்டியிருப்பதை நான்கு புறமும் படம் எடுத்து வைக்குமாறு நேயர்களை வேண்டிக்கொள்கிறோம். அதற்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகாது.